ஜிம் கிளார்க் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்கலாமா?

திருவொற்றியூர் தேரடி எழுதியது:

வணக்கம். வரும் மே மாதம் நானும் அப்பாவும் என் மகனும் எடின்பரோவில் இருக்கும் என் தங்கையின் வீட்டுக்குப் பத்து நாள் பயணமாகச் செல்கிறோம். அப்பாவுக்கு வயது எழுபத்துமூன்று. எண்ணூரில் லாரித் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். கோட்டை, அரண்மனை, ஏரி என்று தங்கை அனுப்பிய பட்டியலை அவர் முழுவதும் படித்துவிட்டு, "ஜிம் கிளார்க்கின் ஊர் அந்தப் பக்கம்தானே, அங்கே போக முடியுமா என்று கேள்" என்று ஒரே ஒரு விருப்பத்தைத்தான் சொன்னார். கிளார்க் 1960களில் உலகச் சாம்பியனாக இருந்த கார் பந்தய வீரர்.

இளம் வயதில் திருவொற்றியூரிலிருந்து மணலி, மாதவரம், செங்குன்றம் வழியாகச் சைக்கிள் மிதித்துச் சோழவரம் கார் பந்தயத்துக்குப் போனவர் அவர். கிளார்க் இறந்த செய்தி வந்தபோது தாம் ஒரு சைக்கிள் கடையில் எடுபிடியாக இருந்ததாகவும், கடைக்காரர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியதாகவும் சொல்வார். தங்கையோ, டன்ஸ் என்ற அந்த ஊரில் இருப்பது நம் வீட்டுக் கல்யாணக் கூடத்தைவிடச் சிறிய காட்சியகம் என்றும், அதற்காகப் போக வர ஒரு நாளைச் செலவிடுவது வீண் என்றும் சொல்கிறாள். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. மகனுக்குப் பன்னிரண்டு வயது. நடிகர் அஜித் கார் ஓட்டுவதைக் கைப்பேசியில் பார்த்துத்தான் அவனுக்கு இந்த ஆர்வமே வந்தது. கிளார்க் என்ற பெயரை அவன் கேள்விப்பட்டதில்லை. அங்கே சென்று வந்தவர்கள் யாராவது இருந்தால், போகலாமா, எப்படிப் போவது, எதைப் பார்ப்பது என்று சொல்லுங்கள்.

பெரம்பூர் ரயிலடி எழுதியது:

அக்கா, நான் நியூகாசிலில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தபோது ஒரு சனிக்கிழமை டன்ஸுக்குச் சென்றேன். உங்கள் தங்கை சொல்லும் அளவு சரிதான், முடிவுதான் தவறு.

முதலில் அது எப்படி உண்டானது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் அதன் சிறுமை உறுத்தாது. கிளார்க் 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி ஜெர்மனியின் ஹோக்கன்ஹைம் தடத்தில், ஃபார்முலா 2 பந்தயம் ஒன்றில், கார் மரங்களில் மோதி இறந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. நான்கு அக்காள்மாருக்குப் பின் பிறந்த ஒரே மகன். அவர் வாங்கிய கோப்பைகளைப் பெற்றோர் வீட்டில் பூட்டி வைக்கவில்லை. லண்டனில் இருந்த பெரிய நிறுவனம் எதற்கும் கொடுக்கவுமில்லை. தங்கள் பண்ணைக்கு அருகில் இருந்த டன்ஸ் என்ற சந்தை ஊருக்கே கொடுத்துவிட்டார்கள். அவற்றை வைப்பதற்காக 1969இல் ஓர் அறை திறக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் அது "ஜிம் கிளார்க் அறை" என்றே இருந்து, 2019இல்தான் விரிவாக்கப்பட்டு அருங்காட்சியகமாயிற்று. மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊரில், ஒரு மகனை இழந்த குடும்பம் கொடுத்ததைக் காத்து வைத்திருக்கும் இடம் அது. அதைக் கார் கண்காட்சி என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

உள்ளே கண்ணாடிப் பேழைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கோப்பைகளும் கேடயங்களும் இருக்கின்றன. எல்லோரும் உலகச் சாம்பியன் பட்டத்துக்கும் அமெரிக்காவின் இண்டியானபோலிஸ் 500 மைல் பந்தய வெற்றிக்கும் உரியவற்றைத்தான் முதலில் தேடுவார்கள். நீங்கள் அப்பாவை உள்ளூர்ப் பந்தயங்களில் வாங்கிய சின்னஞ்சிறு கோப்பைகளிடம் முதலில் அழைத்துச் செல்லுங்கள். பண்ணை வேலை பார்த்துக்கொண்டு, பெற்றோர் விரும்பாதபோதும் நண்பர்களின் கார்களில் ஓட்டத் தொடங்கிய இளைஞனின் காலம் அவற்றில்தான் இருக்கிறது. 1956இல் அவர் தடத்தில் ஓட்டிய முதல் பந்தயம் கிரைமண்ட் என்ற இடத்தில் நடந்தது. அது இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளம். டன்ஸிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் உள்ள சார்ட்டர்ஹால் தடமும், அவர் பலமுறை ஓட்டிப் பழகிய இடம், போர்க்கால விமான ஓடுதளம்தான். அதே போன்ற ஓடுதளமான சோழவரத்தைப் பார்த்த உங்கள் அப்பாவுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

உங்கள் மகனுக்கு எண்கள் பிடிக்கும் என்றால் இவற்றைச் சொல்லுங்கள். 72 உலகச் சாம்பியன் பந்தயங்களில் ஓடி 25இல் வென்றவர். 33 முறை முதலிடத்திலிருந்து புறப்பட்டவர். 1963இல் நடந்த பத்துப் பந்தயங்களில் ஏழு அவருடையவை. 1965இல் மொனாக்கோ பந்தயத்தை விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் போய், இண்டியானபோலிஸில் 200 சுற்றுகளில் 190 சுற்றுகள் முன்னணியில் இருந்து வென்றார். எஞ்சின் பின்பக்கம் உள்ள கார் அங்கே வென்றது அதுவே முதல்முறை. அதே ஆண்டில் உலகச் சாம்பியன் பட்டமும் அவருக்கே கிடைத்தது. ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் வென்றவர் இன்றுவரை வேறு எவரும் இல்லை.

நான் சென்றபோது இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று லோட்டஸ் 25 என்ற பந்தயக் கார். மற்றொன்று லோட்டஸ் கார்ட்டினா. கார்கள் பெரும்பாலும் இரவல் பெற்று வைக்கப்படுபவை ஆகையால், எவை இருக்கும் என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், மே மாதத்தில் அந்தக் கவலை இல்லை என்றாலும், எந்தக் கிழமைகளில் திறந்திருக்கும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். ஓட்டிப் பார்க்கும் பாவனைக் கருவியும் உண்டு. அதில் உட்கார்ந்த பிறகு உங்கள் மகனை எழுப்புவது உங்கள் பொறுப்பு.

எடின்பரோவிலிருந்து பெரிக் என்ற ஊருக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து டன்ஸ் ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். பேருந்து உண்டு, ஆனால் நம் 56ஆம் எண் பேருந்தைப் போல ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று நம்பிவிடாதீர்கள். நான் அப்படி நம்பித் தவறவிட்டு, ஊர்ச் சதுக்கத்தில் வெகுநேரம் தூறலில் நின்றேன். முழங்கால் வலி உள்ள பெரியவரோடு போவதால் பெரிக்கிலிருந்து வாடகைக் கார் பேசிக்கொள்வது நல்லது. அப்படிப் பேசினால் வழியில் சர்ன்சைடு என்ற ஊரிலும் நிறுத்தச் சொல்லுங்கள். கிளார்க்கை அடக்கம் செய்த தேவாலயத் தோட்டம் அங்கே இருக்கிறது. ஊருக்குள் அவர் பெயரில் ஒரு நினைவுக் கடிகாரமும் உண்டு. என்னைக் கேட்டால், சர்ன்சைடு இல்லாமல் டன்ஸ் பாதிதான்.

எண்ணூர் பழைய ஃபிட்டர் எழுதியது:

அம்மா, உங்கள் அப்பா எந்தப் பிரிவில் வேலை பார்த்தார் என்று எழுதியிருந்தால் ஒருவேளை எனக்குத் தெரிந்தவராகவே இருப்பார். போகட்டும்.

பெரம்பூர்த் தம்பி லோட்டஸ் 25 என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டார். ஃபிட்டராக இருந்தவர் அந்தக் காரின் முன்னால் அரை மணி நேரம் நிற்பார். அதற்கான காரணத்தைப் பேரனுக்கும் சொல்லிக்கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். அதுவரை பந்தயக் கார் என்பது குழாய்களைப் பற்றவைத்து ஒரு கூண்டு செய்து, அதன்மேல் தகடு போர்த்திய வண்டி. பாரம் முழுவதையும் தாங்குவது கூண்டு. தகடு வெறும் சட்டை. லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் 1962இல் அந்தக் கூண்டையே எடுத்துவிட்டார். மெல்லிய அலுமினியத் தகட்டை இரண்டு பக்கமும் நீளப் பெட்டிகளாக மடித்து, அவற்றை இணைத்து, அந்தப் பெட்டியையே காரின் உடலும் எலும்புமாக ஆக்கிவிட்டார். பெட்டிகளுக்குள் ரப்பர்ப் பைகளில் பெட்ரோல்.

காசிமேட்டில் இதைப் புரியவைப்பது எளிது. பழைய மரப்படகில் முதலில் விலாச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் பலகை அடிப்பார்கள். ஃபைபர் படகில் ஓடுதான் பலம். உள்ளே பெரிய சட்டம் ஏதும் வேண்டாம். அதே வேலைதான். வண்டி இலேசாயிற்று, குழாய்க் கூண்டைவிட முறுக்குக்கும் நன்றாகத் தாங்கியது. இன்னொன்றும் பாருங்கள்: காற்று குறைவாகப் படவேண்டும் என்பதற்காக ஓட்டுநரை ஏறத்தாழப் படுக்க வைத்துவிட்டார்கள். சாய்வு நாற்காலியில் படுத்தபடி கால்களை நீட்டிக்கொண்டு, கண்மட்டத்தில் சக்கரத்தின் மேல்விளிம்பு தெரிய, மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போவதை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் ஒன்றரை லிட்டர்தான். நம் தெருவில் நிற்கும் கார்களில் பாதி அதே அளவு எஞ்சின் கொண்டவை என்று பேரனிடம் சொல்லுங்கள், அவன் நம்பமாட்டான்.

கிளார்க்கைப் பற்றி எங்கள் பட்டறையில் பேசிக்கொண்டது வேகம் பற்றி அல்ல. அவர் ஓட்டிய வண்டியில் பிரேக்கும் டயரும் மற்றவர்களுடையதைவிடக் குறைவாகத் தேயும் என்பதை அவருடைய மெக்கானிக்குகளே சொல்லியிருக்கிறார்கள். வேகமாகவும் போய்ப் பொருளையும் காப்பாற்றுகிறவன்தான் ஓட்டுநர் என்பது எங்கள் மேஸ்திரியின் கட்சி. அவர் லாரி ஓட்டுநர்களைத் திட்டும்போதெல்லாம் கிளார்க்கை இழுப்பார். பெல்ஜியத்தின் ஸ்பா தடம் கிளார்க்குக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் 1962 முதல் 1965 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வென்றார். 1963இல் கொட்டும் மழையில், எட்டாவது இடத்திலிருந்து புறப்பட்டு, இரண்டாவதாக வந்தவரை ஏறத்தாழ ஐந்து நிமிடம் பின்னால் விட்டார்.

சோழவரம் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கப்பட்டது. போருக்குப் பின் சும்மா கிடந்த சோழவரம் ஓடுதளத்தில்தான் அவர்கள் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தினார்கள். இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது 1990இல். திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை, அதே ஊரில் எம்.ஆர்.எஃப், எண்ணூரில் லேலண்ட் என்று வண்டி செய்கிறவர்களும் டயர் செய்கிறவர்களும் சுற்றிலும் இருந்ததால், பந்தயத்தன்று பார்வையாளர்களில் பாதிப் பேர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லக்கூடியவர்களாக இருந்தார்கள். இத்தனையும் நடந்த வடசென்னையில், அந்தக் காலத்துக் கோப்பை ஒன்றையாவது பார்க்க ஓர் அறை இல்லை என்பதை நினைத்துக்கொண்டேதான் நான் இந்தக் கேள்வியைப் படித்தேன்.

வண்ணாரப்பேட்டை மாடிவீடு எழுதியது:

எல்லோரும் போகச் சொல்கிறார்கள். ஒருவராவது மாற்றுக் கருத்து சொல்லவேண்டும் அல்லவா? நான் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் சென்றேன். கணவர் ஒவ்வொரு பேழையின் முன்னாலும் உருகி நின்றார். பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கார்கள் இரண்டே, மற்றவை வெள்ளிக் கோப்பைகள், படங்கள், எழுத்துகள். கிளார்க் யார் என்று முன்பே தெரிந்தவர்களை நோக்கித்தான் அந்த எழுத்துகள் பேசுகின்றன. தெரியாதவரைக் கைபிடித்து அழைத்துச் செல்வதில்லை என்பது என் குறை. விருந்து என்று எண்ணிப் போனால் பலகாரத் தட்டுதான் கிடைக்கும்.

பிள்ளைக்கு வண்டிகளைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் கிளாஸ்கோ நகரின் ரிவர்சைடு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. டிராம், ரயில் எஞ்சின், கார் என்று சுவர் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். எடின்பரோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான் ஆகும். டன்ஸ் போவது உங்கள் அப்பாவுக்காக என்றால் மட்டும் போங்கள். அப்படியானால் வேறு எதையும் அந்த நாளில் சேர்க்காதீர்கள்.

திருவொற்றியூர் தேரடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வண்ணாரப்பேட்டை அக்கா சொன்ன கிளாஸ்கோவை மகனுக்காக வேறொரு நாளில் வைத்துக்கொண்டோம். ஃபிட்டர் ஐயாவின் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தாம் கியர் பாக்ஸ் பிரிவில் இருந்ததாக உங்களிடம் சொல்லச் சொன்னார். ஃபைபர் படகு உவமையைக் கேட்டு, "சரியாகச் சொன்னார், ஆனால் ஃபைபர் உடைந்தால் ஒட்டலாம், அலுமினியத்தை ஒட்டுவது கடினம் என்பதையும் எழுதச் சொல்" என்றார். எழுதிவிட்டேன். பெரம்பூர்த் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி: சர்ன்சைடு கல்லறைக்கு எவ்வளவு தூரம் நடக்கவேண்டும்?

பெரம்பூர் ரயிலடி எழுதியது:

தேவாலயம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, அக்கா. வாசல்வரை கார் போகும். ஆனால் கல்லறைகளுக்கு இடையில் புல்தரை. மழை பெய்திருந்தால் வழுக்கும். அப்பாவுக்கு ஊன்றுகோல் எடுத்துச் செல்லுங்கள். கல்லில் எழுதியிருப்பதை வரிசை மாற்றாமல் அப்படியே படித்துச் சொல்லுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்பதை நான் இங்கே சொல்லமாட்டேன்.

திருவொற்றியூர் தேரடி எழுதியது:

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. கேட்டுவிட்டுக் காணாமல் போனவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

பெரிக்கிலிருந்து வாடகைக் கார் பேசி, முதலில் டன்ஸ், திரும்பும்போது சர்ன்சைடு என்று போனோம். காட்சியகத்தில் இரண்டேகால் மணி நேரம் இருந்தோம். அதில் பெரும் பகுதி அப்பாவால் ஆனது. லோட்டஸின் முன்னால் அவர் அமர்வதற்கு ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்கொடுத்தேன். பின்சக்கரத்தைத் தாங்கும் கம்பிகள் உடலோடு எங்கே இணைகின்றன என்பதை மகனுக்கு விரலால் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தார். கண்ணாடி இல்லாத இடத்தில் விரல் தகட்டில் பட்டுவிடுமோ என்று எனக்குத்தான் பதைப்பு. பன்னிரண்டு வயதுக்காரன் பாவனைக் கருவியில் மூன்றாவது வளைவைத் தாண்டவில்லை. "தாத்தா, நீங்கள் ஓட்டுங்கள்" என்று அவரைக் கூப்பிட்டான், அவர் மறுத்துவிட்டார்.

கோப்பைகளை அவர் அதிகம் பார்க்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஓடுதளத்தில் நடந்த பழைய பந்தயம் ஒன்றின் கறுப்பு வெள்ளைப் படத்தின் முன்னால்தான் நெடுநேரம் நின்றார். மரம் மட்டை இல்லாத வெட்டவெளி, தடத்தின் ஓரத்தில் வைக்கோல் கட்டுகள், கோட்டு போட்டுக்கொண்டு நிற்கும் கூட்டம். "கோட்டைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டிவிட்டால் இது சோழவரம்தான்" என்றார். அங்கே பொறுப்பில் இருந்த பெண்மணி என்னவென்று கேட்க, தங்கை மொழிபெயர்த்துச் சொன்னாள். மெட்ராஸில் அப்படி ஒரு தடம் இருந்ததா என்று அவர் ஆர்வத்தோடு கேட்டு, சோழவரம் என்ற பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லித் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சிறிய இடமாக இருப்பதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது; பெரிய காட்சியகமாக இருந்தால் யார் நின்று கேட்டிருப்பார்கள்?

சர்ன்சைட்டில் தூறல் இருந்தது. கல்லில் பிறந்த நாள், இறந்த நாள் ஆகியவற்றுக்குப் பின் முதலில் இருப்பது விவசாயி என்ற சொல்; அவருடைய பண்ணையின் பெயர். உலகச் சாம்பியன் என்பதும் இண்டியானபோலிஸும் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன. வரிசை மாற்றாமல் படித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. காரில் ஏறிய பிறகு, அந்தப் பண்ணை எத்தனை ஏக்கர், என்ன பயிர், ஆடு மாடு உண்டா என்று வாடகைக் கார் ஓட்டுநரிடம் கேட்கச் சொல்லித் தங்கையைத் துளைத்துவிட்டார். அந்த வட்டாரத்தில் பார்லியும் ஆடும் அதிகம் என்று ஓட்டுநர் சொன்னது வரைக்கும்தான் எங்களுக்கு விடை கிடைத்தது.

இப்போது அவர் செங்குன்றம் தாண்டிப் போய்ப் பழைய ஓடுதளத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் என்கிறார். எண்ணூர் ஐயா உடன் வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேரடியிலிருந்து ஆட்டோவில் கிளம்பலாம் என்று அவரே சொல்லச் சொன்னார். அங்கே எடுத்த பழைய படங்கள் யாருடைய வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் தயவுசெய்து ஒரு பிரதி கொடுங்கள். அந்தப் பெண்மணிக்கு ஒன்று அனுப்புவதாகத் தங்கை வாக்குக் கொடுத்துவிட்டாள்.